துண்டும் ஒப்பமும்

(ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

தாய்மார்களே, தோழர்களே,

நம் பூட்டன் காலத்தில் ‘துண்டு’ என்றொரு காகிதம் இருந்தது. இந்த ஆள் இவ்வளவு கடன், கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுப்பது. அதை மடியில் முடிந்து அடுத்த தோட்டத்துக்கு நடந்தவருக்கு, தன் தலையில் எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள் என்று வாசிக்கத் தெரியாது. 1921இல் துண்டைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இன்றைக்குக் கொழும்பில் கடை வேலைக்குப் போகிற பிள்ளைக்கு நியமனக் கடிதம் ஆங்கிலத்தில். நிறுத்தும்போது சிங்களத்தில் ஒரு தாள்: ‘நானாகவே விலகுகிறேன்.’ “இதுல ஒரு சைன் வை தம்பி.” வைத்துவிட்டு பஸ் ஏறுகிறான்.

தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதினார்களே என்பீர்கள். அது அரசாங்கத்தைக் கட்டும். முதலாளி நீட்டும் தாளை அது தானாகத் தமிழாக்கிவிடாது.

வேடிக்கையைப் பாருங்கள். ஏழு பேர்ச் துண்டுக் காணிக்கு உறுதிப் பத்திரம் எழுதினால், வாசிக்கத் தெரியாதவருக்கு அதை வாசித்து விளக்கவேண்டியது அதை எழுதும் நொத்தாரிசின் கடமை. (நமக்கு வீடு கட்டத் தருவதாகச் சொன்ன அந்த ஏழு பேர்ச்சே இழுபறி, அது வேறு கதை.) முப்பது வருஷ உழைப்பை எழுதிக் கொடுக்கும்போது பக்கத்தில் அப்படி ஒருவரும் இல்லை.

ஒப்பமிட்டவர் விளங்கித்தான் இட்டார் என்றே சட்டம் தொடங்கும். “பாஷை தெரியாது” என்பது மட்டும் போதாது. பொய்யாக வாசித்துக் காட்டி ஏமாற்றியிருந்தால் பேச்சு வேறு. இங்கிலாந்தில் 1582இலேயே, எழுத்தறியாத ஒருவரிடம் அப்படி வாங்கிய பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஆனால் ஏமாற்றினார்கள் என்று காட்டவேண்டியவர் நீங்கள்தான்.

நமக்குத் தோதான இடம், வேலை போனவர் முறையிடுகிற தொழில் நியாய சபை. வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் நிவாரணம் கொடுக்கலாம் என்று கைத்தொழில் பிணக்குகள் சட்டம் அதற்கு அதிகாரம் தந்திருக்கிறது. ‘நானாக விலகினேன்’ தாளை நீட்டினாலும், அந்த ஒப்பத்தை எப்படி வாங்கினீர்கள் என்று அங்கே கேட்கலாம். ஆனால் வேலை போய் ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். தீபாவளி போகட்டும், திருவிழா போகட்டும் என்றிருந்தால் கதவு சாத்திவிடும்.

ஒப்பம் வைத்தே ஆகவேண்டுமென்றால், ‘எனக்குத் தமிழில் விளக்கவில்லை’ என்று கீழே தமிழிலேயே எழுதித் திகதி போடுங்கள். போனில் படம் எடுங்கள். முறைத்தால் முறைக்கட்டும்.

சிலர் பையில் அப்படி ஒரு தாளோடு வந்திருப்பீர்கள். கூட்டம் கலைந்ததும் மேடைக்குப் பின்னால் வாருங்கள், உட்கார்ந்து வரி வரியாக வாசித்துச் சொல்கிறேன்.