ஆடிக் கறக்கிற மாடு: கேள்வி நேரம் பற்றி ஒரு மேடை உரை

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்களே, இந்த அரங்கை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, வழக்கறிஞர் சங்கப் பொறுப்பாளர்களே, தலைமையாசிரியப் பெருமக்களே, வாசகர் வட்டத் தோழர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பெயர் விடுபட்ட பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். மேடையில் இருப்பவர்களை முழுதாக விளித்து முடிப்பதற்குள் மக்களவையில் ஒரு நட்சத்திரக் கேள்வியே முடிந்துவிடும்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். கேள்வியை எப்படி எழுதுவது, துணைக் கேள்வியை எப்படிப் போடுவது, அவசரப் பொதுப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது. மூன்றுக்கும் சேர்த்து நம் ஊர்ப் பழமொழி ஒன்று போதும்: ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். அரசாங்கம் எந்த நாட்டிலும் தானாகப் பால் சுரந்ததில்லை.

முதலில் அடிப்படை. மக்களவையில் காலை 11 மணி முதல் 12 மணி வரை கேள்வி நேரம். மாநிலங்களவையில் 2014 முதல் அது 12 மணிக்குத் தொடங்குகிறது. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே துணைக் கேள்வியும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு இப்படி 20 கேள்விகள் பட்டியலில் வரும். நட்சத்திரம் இல்லாதவை 230. அவற்றுக்கு எழுத்தில் மட்டும் பதில். அவசரமானால் குறுகிய கால அறிவிப்புக் கேள்வி உண்டு. ஆனால் அதற்கு அமைச்சரே சம்மதிக்க வேண்டும். தேர்வு எழுதப்போகிறவனிடமே தேதியைக் கேட்கிற ஏற்பாடு அது!

மற்ற கேள்விகளுக்கு முழுதாகப் பதினைந்து நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அமைச்சகங்களை ஐந்து தொகுதியாகப் பிரித்து, திங்கள் முதல் வெள்ளி வரை கிழமை ஒதுக்கியிருக்கிறார்கள். ரயில்வேயின் கிழமை தெரியாமல் ரயில்வே கேள்வி கொடுத்தால் அது வரிசையிலேயே ஏறாது. நாள் சரியாக இருந்தாலும் குலுக்கலில் பெயர் வர வேண்டும். வந்தாலும் முதல் ஐந்தாறு இடத்துக்குள் வர வேண்டும். பத்தாவது இடத்தில் இருக்கும் கேள்வி பெரும்பாலும் வாய்மொழிக்கு எட்டாது, 12 மணி அடித்துவிடும். எழுத்துப் பதிலோடு அந்தக் கதை முடிந்தது.

கேள்வி எழுதும் இடத்துக்கு வருவோம். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். 150 சொற்களுக்கு மிகாமல் இருக்க வேண்டும். வாதம் கூடாது, ஊகம் கூடாது, கிண்டல் கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கைத் தொடக் கூடாது. மாநில அரசின் வேலையை தில்லியில் கேட்கக் கூடாது. இவற்றில் ஒன்று மீறினாலும் மக்களவைச் செயலகத்திலேயே தள்ளுபடி.

உதாரணத்துக்கு ஒரு இரட்டை ரயில் பாதைப் பணி இழுத்துக்கொண்டே போகிறது என்று வையுங்கள். வழக்கமாக எழுதுவது இப்படி: "(அ) பணி தாமதமாவது அரசுக்குத் தெரியுமா? (ஆ) தெரியுமெனில் காரணம் என்ன? (இ) எடுத்த நடவடிக்கை என்ன?" பதில் எப்படி வரும்? "(அ) இல்லை. (ஆ), (இ) கேள்வி எழவில்லை." தீர்ந்தது! முதல் படியில் கால் வைத்ததும் ஏணியையே உருவிவிட்டார்கள். இரண்டாம் பகுதியை முதல் பகுதியின் தோளில் ஏற்றிவைத்தது யார் குற்றம்?

அதையே இப்படி எழுதிப் பாருங்கள். (அ) இந்தப் பணிக்கு எந்த ஆண்டு ஒப்புதல் கிடைத்தது, அன்றைய மதிப்பீடு எவ்வளவு, இன்றைய மதிப்பீடு எவ்வளவு? (ஆ) கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஆண்டுவாரியாக ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு? (இ) தேவையான நிலம் எத்தனை ஹெக்டேர், கைக்கு வந்தது எத்தனை? (ஈ) முடிக்க முதலில் குறித்த தேதி என்ன, எத்தனை முறை மாற்றப்பட்டது? ஒவ்வொரு பகுதியும் தன் காலில் நிற்கிறது. "தாமதம்" என்ற சொல்லே இல்லை. வருகிற எண்களே அதைச் சொல்லிவிடும். ஆடிக் கறப்பது என்றால் இதுதான் ஐயா.

"தகவல் இல்லை" என்று பதில் வந்தால் சோர்ந்து போகிறவர்கள் உண்டு. வேண்டாம். 2020 செப்டம்பரில், ஊரடங்கின்போது ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் கேட்டார்கள். அப்படி ஒரு தரவு பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுத்தில் பதில் தந்தது. நாடே அதைப் பற்றிப் பேசியது. ஓர் அரசு எதை எண்ணாமல் விட்டது என்பதும் பதிவாக வேண்டிய செய்திதான். ஆனால் அந்தக் கூட்டத்தொடரில் பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். எழுத்துப் பதில் மட்டும்தான். "ஏன் எண்ணவில்லை?" என்று எழுந்து நின்று துணைக் கேள்வி கேட்க யாருக்கும் வழியில்லை.

துணைக் கேள்வியின் அருமையை அறிய, 1957க்குப் போக வேண்டும். இந்தக் கதையைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், தலைவர் அவர்கள் மணியை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

எல்.ஐ.சி. பிறந்து ஓராண்டுகூட நிறையவில்லை. 1957 ஜூனில், ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வணிகரின் ஆறு நிறுவனங்களில் சுமார் ஒரு கோடியே இருபத்து நாலு லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார்கள். யார் பணம்? மாதாமாதம் பிரீமியம் கட்டிய குமாஸ்தாக்கள், வாத்தியார்கள் பணம். எல்.ஐ.சி.யின் சொந்த முதலீட்டுக் குழுவைக் கலக்கவில்லை. கொடுத்த விலையும் சந்தை விலையை விட அதிகம். செய்தி கசிந்தது. செப்டம்பரில் மக்களவையில் ஒரு கேள்வி வந்தது. பிடிகொடுக்காத பதில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நவம்பர் 29ஆம் தேதி மறுபடியும் கேள்வி. கேட்டவர் ராம் சுபக் சிங். ஆளுங்கட்சிக்காரர்! பின்னாலேயே துணைக் கேள்விகளோடு எழுந்தவர் பெரோஸ் காந்தி. அவரும் ஆளுங்கட்சி, போதாக்குறைக்குப் பிரதமர் நேருவின் மருமகன். பதில் சொல்ல நின்றவர் நம் சென்னைக்காரர், நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. பேச்சில் அவரை மடக்குவது லேசுப்பட்ட காரியமா?

பெரோஸ் காந்தி சத்தம் போடவில்லை. எந்த நிறுவனம், எத்தனை பங்கு, என்ன விலை, யார் சொல்லி வாங்கினீர்கள் என்று பிடித்த பிடியை விடவில்லை. டிசம்பர் 16ஆம் தேதி விவாதம் வந்தபோது கணக்கு வழக்கோடு வந்து நின்றார். நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை ஆணையம் போட வேண்டியதாயிற்று. பம்பாயில் திறந்த அரங்கில் விசாரணை நடந்தது. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். ஒரு மாத அளவில் அறிக்கை வந்தது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். 1963இல் மறுபடி அதே நாற்காலியில் வந்து அமர்ந்தார் என்பது வேறு கதை. இத்தனைக்கும் பிள்ளையார் சுழி போட்டது ஒரு கேள்வி. ஆளுங்கட்சி உறுப்பினர் என்றால் மேசை தட்டத்தான் என்று நினைக்கும் தம்பிகள் இந்தப் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய நடைமுறையில் கேள்வி கொடுத்தவருக்கு இரண்டு துணைக் கேள்விகள். அமைச்சரின் பதில் நகல் அவை கூடுமுன்பே கைக்கு வந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போகிறவரால் துணைக் கேள்வி போட முடியாது. பதிலில் எந்தப் பகுதிக்கு எண் தரவில்லை, எந்த இணைப்பில் நம் மாநிலத்தின் கட்டம் காலி என்று பார்த்து, அந்த ஒரே இடத்தில் கை வைக்க வேண்டும். எதிரே அமைச்சரின் கையில் அதிகாரிகள் தயாரித்த தடித்த குறிப்பு இருக்கிறது. மாடத்தில் துறை அதிகாரிகளே உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு நிமிடம் முன்னுரை பேசிவிட்டு நாலு கேள்வியை ஒரே மூச்சில் கேட்டால், அமைச்சர் தமக்கு வசதியான ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். பாடிக் கறக்கிற மாட்டிடம் போய்க் கச்சேரியே வைத்தால் மாடு தூங்கிவிடும். ஒரு வரி, ஒரு எண், ஒரு தேதி. அவ்வளவே.

பதில் தவறு என்று தெரிந்தால் சபாநாயகர் உத்தரவு 115இன் கீழ் எழுதிக் கொடுக்கலாம். பதில் போதவில்லை என்றால் அரை மணி நேர விவாதம் கேட்கலாம். மூன்று நாள் முன்னதாக அறிவிப்பு வேண்டும்.

இப்போது என் மனசில் கிடக்கும் விஷயம். வாசகர் வட்டத்தார் சிரிக்கிறீர்கள், எங்கே போனாலும் இங்கேதான் வந்து நிற்பேன் என்று தெரியும்! "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்", "கவனிக்கிறேன்" என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் உறுதிமொழிக் குழுவிடம் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும். மக்களவையில் 1953 முதல் இந்தக் குழு இருக்கிறது. நம் சட்டப் பேரவையிலும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு, மாவட்டம் மாவட்டமாக ஆய்வுக்கும் வருகிறது. நீட்டிப்பு மேல் நீட்டிப்பு வாங்கி, கடைசியில் "இந்த உறுதிமொழியைக் கைவிட அனுமதியுங்கள்" என்று அமைச்சகம் குழுவுக்கு எழுதும் வழக்கமும் உண்டு. கேட்ட உறுப்பினரே அதற்குள் மறந்திருப்பார். அவர் தொகுதி மக்களுக்கோ அப்படி ஒரு வாக்குக் கொடுக்கப்பட்டதே தெரியாது.

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேர், மாநிலங்களவைக்கு 18 பேர். இவர்கள் வாங்கும் பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் நாடாளுமன்ற இணையதளத்தில் கிடக்கின்றன. எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும், தம் கேள்வி, வந்த பதில், அதில் உள்ள உறுதிமொழி, மூன்று மாதக் கெடு முடியும் தேதி, இவ்வளவையும் தமிழில் ஒரு பதிவேடாக உறுப்பினர் மாவட்ட மைய நூலகத்தில் வைக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினரும் அப்படியே. ஒரு உதவியாளர், ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு நோட்டு போதும்.

பூஜ்ய நேரம் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். தலைவர் அவர்கள் மணியடித்துவிட்டார்கள். அது அடுத்த மாதக் கூட்டத்துக்கு. வாசலில் மனுப் படிவம் இருக்கிறது. கையெழுத்துக்குக் கீழே உங்கள் தொகுதியின் பெயரைத் தவறாமல் எழுதுங்கள். தொகுதி வாரியாகப் பிரித்துத்தான் உறுப்பினர்களிடம் கொடுக்கப்போகிறோம்.