ஜகார்த்தாவுக்கு அனுப்பாத அணி

நடுவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும் எதிரணி அண்ணன் அவர்களே, மணி ஒன்பது தாண்டியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'வென்ற இந்தியக் கால்பந்து அணிக்கு நாடு தரும் மரியாதை போதுமா, போதாதா?' இதுதான் தலைப்பு. போதாது என்று பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். நான் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். மைக் பிடித்துப் பழக்கமில்லை, விசில்தான் பழக்கம். நடுவர் மணி அடித்தால் சட்டென்று நின்றுவிடுவேன், கவலை வேண்டாம்.

அண்ணன் நன்றாகவே பேசினார். 2023 ஜூனில் புவனேஸ்வரத்தில் லெபனானை 2-0 என்று வென்று இன்டர்கான்டினென்டல் கோப்பையை வாங்கியபோது ஒடிசா அரசு ஒரு கோடி ரூபாய் கொடுக்கவில்லையா என்று கேட்டார். சுனில் சேத்ரிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, கேல் ரத்னா கிடைத்தது என்றார். கடைசியில், உலகத் தரவரிசையில் நூறுக்கு அந்தப் பக்கம் நிற்கிற அணிக்கு இதற்கு மேல் என்னய்யா மரியாதை என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார். எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் என் பள்ளிக்கூடத்துக் கதை ஒன்று. பெயர் சொல்ல மாட்டேன், நாளைக்கும் அங்கேதான் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

சில வருடம் முன்பு எங்கள் பெண்கள் அணி குறுவட்டப் போட்டியில் ஜெயித்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்தான் பாதி. ஷூ பற்றாக்குறை. முதல் பாதி ஆடிவிட்டு வெளியே வருகிறவள் கழற்றிக் கொடுப்பாள், உள்ளே போகிறவள் மாட்டிக்கொள்வாள். சைஸ் பெரிதாக இருந்தால் முன்னால் துணி அடைத்துக்கொள்வார்கள். அப்படி ஆடி வாங்கிய கோப்பை. திங்கட்கிழமை பிரேயரில் மேடை ஏற்றினோம், தலைமையாசிரியர் பொன்னாடை போர்த்தினார், பள்ளிக்கூடமே கைதட்டியது. அடுத்த வாரம் வருவாய் மாவட்டப் போட்டி. பதினாறு பெயர் எழுதி ஓ.டி. ஃபாரம், அதாவது பிள்ளைகளை ஆட்டத்துக்கு அனுப்ப அனுமதி கேட்கும் படிவம், கொண்டுபோய் நீட்டினேன். 'பப்ளிக் எக்ஸாம் நேரத்துல எதுக்கு சார் இதெல்லாம், அதான் ஒரு கப்பு வாங்கிட்டாங்களே' என்று பதில் வந்தது. அணி போகவில்லை. அன்றைக்கு என் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொண்டார். அது வழக்கம்தான்.

பொன்னாடை போர்த்தினார்களா? போர்த்தினார்கள். கைதட்டினார்களா? தட்டினார்கள். அண்ணன் இதை மரியாதை என்கிறார். ஜெயித்த பிள்ளையை அடுத்த ஆட்டத்துக்கு அனுப்பினாயா என்று நான் கேட்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்ததைத்தான் இந்த நாடும் தன் கால்பந்து அணிக்குச் செய்துவருகிறது. அதுவும் எந்த ஊர் விஷயத்தில்? ஜகார்த்தா விஷயத்தில்!

ஐயா, ஜகார்த்தா என்றால் இந்தியக் கால்பந்துக்குக் கோயில் மாதிரி. 1962 செப்டம்பர் 4. ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டி. எதிரில் தென் கொரியா. அதே தொடரின் முதல் ஆட்டத்தில் நம்மை 2-0 என்று அடித்த அணி. அரங்கத்தில் மலைபோல் கூட்டம், அத்தனையும் நமக்கு எதிர். காரணம் கால்பந்தே கிடையாது. இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு விடாததை இந்திய அதிகாரி ஒருவர் தட்டிக் கேட்டுவிட்டார், அதில் ஊரே கொதித்துப்போய் இந்தியத் தூதரகத்தைத் தாக்கும் அளவுக்குப் போய்விட்டது. நம் தேசிய கீதத்துக்கே கூச்சல் போட்டார்கள் என்று ஆடியவர்கள் பின்னால் சொல்லியிருக்கிறார்கள். பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள்தான் நமக்காகக் குரல் கொடுத்தார்களாம். இதை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காது.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் இறங்கியவர்களைப் பாருங்கள். ஜர்னைல் சிங் தடுப்பாட்டக்காரர். தொடரின் நடுவில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார். தையல் போட்ட தலையோடு அவரை முன்வரிசைக்கு அனுப்பினார் பயிற்சியாளர் ரஹீம். வேறு யாராக இருந்தாலும் பந்து மேலே வந்தால் தலையைக் குனிந்துகொள்வார்கள். இவர் அரையிறுதியிலும் கோல் அடித்தார், இறுதியிலும் அடித்தார். கோல் கம்பத்துக்கு நடுவில் நம் பீட்டர் தங்கராஜ், காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தவர். பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல், இருபது நிமிடத்துக்குள் இரண்டு. கொரியா கடைசியில் ஒன்றைத் திருப்பியது. 2-1. தங்கம். 1951-இல் டெல்லியில் வாங்கியதற்கு அப்புறம் இரண்டாவது தங்கம். மூன்றாவது இன்றுவரை வரவில்லை.

அந்த ரஹீம் ஒன்பது மாதத்தில், 1963 ஜூனில், புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். அந்த அணியின் இன்னொரு தூண் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், ஏழை வீட்டுப் பிள்ளை. பயிற்சிக்கு வந்துபோக வழியில்லாத பையனுக்கு ரஹீமே சைக்கிள் வாடகைக்குக் காசு கொடுத்தார் என்று சொல்வார்கள். சுனி கோஸ்வாமி, பி.கே., பலராம் என்று மூன்று பேரையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் கால்பந்துக்காரர்கள் வழக்கம். மற்ற இருவருக்கும் பத்மஸ்ரீ வந்தது, வெற்றிக்கு இருபது வருடத்துக்கும் மேல் கழித்து. பலராமுக்கு அதுவும் வரவில்லை. அர்ஜுனா விருதோடு சரி. 2023 பிப்ரவரியில் இறந்துபோனார். இந்த அரங்கத்தில் பலராம் பெயரை இன்றைக்கு முன்னால் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள். ஏழு, எட்டு. சரி, கீழே போடுங்கள்.

கேல் ரத்னா பற்றி அண்ணன் பெருமையாகச் சொன்னார். அந்த விருது 1991-இல் தொடங்கியது. முதலில் வாங்கியவர் நம் விஸ்வநாதன் ஆனந்த், அதில் நமக்கெல்லாம் பெருமை. ஆனால் ஒரு கால்பந்து வீரரின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறியது 2021-இல், சேத்ரிக்கு. முப்பது வருடம்! அந்த முப்பது வருடத்தில் பைச்சுங் பூட்டியா வந்து, ஆடி, ஓய்வும் பெற்றுவிட்டார்.

சேத்ரி பெயரை எடுத்ததற்கு அண்ணனுக்கு நன்றி. 2018 ஜூன் 1, மும்பை. சீனத் தைபேயை, அதாவது தைவானை, 5-0 என்று அடித்தது இந்தியா, அதில் சேத்ரிக்கு மூன்று கோல். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் தீமிதிக்கு இதைவிடக் கூட்டம் வரும். மறுநாள் சேத்ரி ஒரு வீடியோ போட்டார். எங்களைத் திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து சொல்லுங்கள் என்று கையெடுத்துக் கேட்டார். தேசிய அணியின் கேப்டன், ஐந்து கோல் போட்டு ஜெயித்த மறுநாள், ஆள் வரச்சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது. அடுத்த ஆட்டத்துக்கு அரங்கம் நிறைந்தது உண்மை. அது சேத்ரிக்கு நூறாவது ஆட்டம். அதையும் ஜெயித்து, ஜூன் 10-ஆம் தேதி இறுதியில் கென்யாவை 2-0 என்று வென்று அந்த வருட இன்டர்கான்டினென்டல் கோப்பையையும் தூக்கினார்கள்.

அடுத்த சில வாரங்களில் என்ன நடந்தது தெரியுமா? ஆசிய விளையாட்டுக்கு இந்தியக் கால்பந்து அணியை அனுப்புவதில்லை என்று இந்திய ஒலிம்பிக் சங்கம் முடிவெடுத்தது. ஆசியாவில் முதல் எட்டு இடத்துக்குள் இருந்தால்தான் அனுப்புவோம் என்றார்கள். அந்த வருடம் ஆசிய விளையாட்டு நடந்த ஊர் ஜகார்த்தா. தலையில் தையலோடு ஆடித் தங்கம் வாங்கிய அதே ஜகார்த்தா. 'அதான் ஒரு கப்பு வாங்கிட்டாங்களே!'

அண்ணன் குறுக்கே ஏதோ சொல்கிறார். ஆசிய விளையாட்டில் ஆடுவது 23 வயதுக்கு உட்பட்ட அணிதானே என்கிறார். சரிதான் அண்ணே. ஆனால் அந்த வயதில் வெளியே போய் அடி வாங்கி ஆடாதவன், முப்பது வயதில் எப்படி முதல் எட்டுக்குள் போவான்? நீச்சல் தெரிந்தபின் கிணற்றில் இறங்கு என்றால் எப்போது கற்றுக்கொள்வது? தரவரிசையில் நூறுக்கு அந்தப் பக்கம் என்றும் சொன்னீர்களே, 2018-இல் அனுப்ப மறுத்தபோது இந்தியா 97-ஆவது இடம். நூறுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தோம்.

ஒரு தடவை என்றால் மன்னித்துவிடலாம். 2023-க்கு வாருங்கள். மார்ச்சில் இம்பாலில் முத்தரப்புத் தொடர், ஜூனில் புவனேஸ்வரம், ஜூலை 4-ஆம் தேதி பெங்களூரு கன்டீரவா அரங்கத்தில் குவைத்தைப் பெனால்டியில் வென்று தெற்காசியக் கோப்பை. ஒரே வருடத்தில் மூன்று கோப்பை. அன்று ராத்திரி கன்டீரவாவில் மொத்தக் கூட்டமும் சேர்ந்து பாடியதைக் கேட்டவர்களுக்குப் புல்லரித்திருக்கும், எனக்குப் புல்லரித்தது. நான் அதைப் பார்த்தது ஒரு டீக்கடையில், என் போனில். கடைக்காரர் டிவியை மாற்றித் தர மறுத்துவிட்டார். சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நம் கோல்கீப்பர் குர்பிரீத் கடைசிப் பெனால்டியைத் தடுத்தபோது டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். 'யாரு, நம்மாளுங்களா?' என்றார். ஆமாண்ணே, நம்மாளுங்கதான்.

அந்த மாதமே ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்கு இதே முதல் எட்டு விதியை மறுபடி நீட்டினார்கள், இந்தமுறை விளையாட்டு அமைச்சகம். பயிற்சியாளர் ஸ்டிமாச் பிரதமருக்கே வெளிப்படையாகக் கோரிக்கை வைத்தார். மூன்று கோப்பை வாங்கிய அணியின் பயிற்சியாளர், எங்களை ஆட விடுங்கள் என்று மனு எழுத வேண்டியிருக்கிறது. ஜூலை கடைசியில் விதியைத் தளர்த்தினார்கள். அதற்குப் பிறகாவது ஒழுங்காக அனுப்பினார்களா? லீக் தொடங்குகிறது, ஆள் தரமாட்டோம் என்று கிளப்புகள் பிடித்துக்கொண்டன. யார் போவது என்ற பட்டியலே கடைசிவரை மாறிக்கொண்டிருந்தது. செப்டம்பர் 18 மாலை ஹாங்சோவில் இறங்கி, 19-ஆம் தேதி சீனாவோடு ஆட்டம். பயிற்சி கிடையாது, தூக்கம் கிடையாது. இடைவேளை வரை 1-1 என்று தாக்குப்பிடித்தார்கள். அப்புறம் கால் நகரவில்லை. 1-5. மறுநாள் நாடே கேலி செய்தது.

ஒடிசாவின் ஒரு கோடிக்கு வருகிறேன். ஒடிசாவுக்குப் பெரிய கும்பிடு. ஆனால் அண்ணே, தலைப்பில் நாடு என்று இருக்கிறது, ஒடிசா ஒரு மாநிலம். அந்த ஒரு கோடியில் இருபது லட்சத்தை வீரர்கள் பாலசோர் ரயில் விபத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். இதை அண்ணன் சொல்லாமல் விட்டுவிட்டார்.

கிரிக்கெட்டை இழுக்காமல் இந்தப் பேச்சை முடிக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. தெற்காசியக் கோப்பை வாங்கி மிகச் சரியாக ஒரு வருடம் கழித்து, 2024 ஜூலை 4, டி20 உலகக் கோப்பையோடு மும்பை மரைன் டிரைவில் ஊர்வலம். கிரிக்கெட் வாரியம் அறிவித்த பரிசு 125 கோடி. அது உலகக் கோப்பை, இது தெற்காசியக் கோப்பை. இரண்டும் ஒன்றென்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? ஊர்வலமே வேண்டாம் என்கிறேன். அடுத்த வருடம் பெங்களூரில் ஒரு வெற்றிக் கொண்டாட்டத்தின் நெரிசலில் 11 பேர் செத்தார்கள். அந்த மாதிரிக் கூட்டத்தை எந்த விளையாட்டுக்கும் நான் கேட்க மாட்டேன். பஸ் காசும் ஓ.டி. ஃபாரத்தில் ஒரு கையெழுத்தும் போதும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தப்பு அரசிடம் மட்டும் இல்லை. 2022 ஆகஸ்டில் தாஷ்கண்டில் நடந்ததைப் பாருங்கள். இந்திய மகளிர் லீக் சாம்பியன் கோகுலம் கேரளா அணி, ஆசிய கிளப் போட்டியில் ஆட உஸ்பெகிஸ்தானில் போய் இறங்கியது. இறங்கின கையோடு செய்தி வருகிறது, இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தடை செய்துவிட்டது என்று. சம்மேளனத்து நாற்காலிச் சண்டை முற்றிப்போய் வந்த வினை. அந்தப் பெண்கள் செய்த தப்பு என்ன? ஜெயித்ததுதான். ஜெயிக்காமல் இருந்திருந்தால் வீட்டில் இருந்திருப்பார்கள். பிரதமர் தலையிட வேண்டும் என்று அந்த கிளப் கடிதம் எழுதியது. பத்து நாள் கழித்துத் தடை நீங்கியது, அதற்குள் அவர்கள் ஆட வேண்டிய ஆட்டம் போய்விட்டது. நாட்டுக்குள் எல்லோரையும் ஜெயித்தவர்கள் பந்தைத் தொடாமலே திரும்பி வந்தார்கள்.

அண்ணன் கேட்ட தரவரிசைக்கு இப்போது பதில் சொல்லலாம். 2023 ஜூலையில் 99. அதிலிருந்து சரிந்து சரிந்து 140-ஐயும் தாண்டிப் போனது. வீரர்கள் மோசமாக ஆடினார்கள், மறுக்கவில்லை. டாக்காவில் வங்கதேசத்திடம் தோற்ற ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நானே செருப்பைக் கழற்றி எறிந்தேன், என் வீட்டுக்குள்தான். ஆனால் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது ஏணியைப் பிடித்தவர் யார், ஆட்டியவர் யார் என்பதையும்...

மணி அடித்துவிட்டீர்கள். சரி ஐயா. அரை நிமிடம். அந்த ஓ.டி. ஃபாரத்தை இன்றைக்குக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். இத்தனை வருடமும் என் மேசை டிராயரில்தான் கிடந்தது. பதினாறு பெயர், என் கையெழுத்து, தேதி. தலைமையாசிரியர் கையெழுத்துப் போடும் இடம் காலி. தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள், எனக்குத் திரும்ப வேண்டும்.