தனியாக உண்பவர்களின் நகரம்

(நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கும் தோழிகளுக்கும் வணக்கம்.

மும்பைக்குத் தனியாகப் போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கேட்வே, கடற்கரைச் சாலை, சினிமாக்காரர்களின் பங்களா எல்லாம் நீங்கள் படத்தில் பார்த்தவை. நான் போனது ரொட்டி சாப்பிட. பழைய பேக்கரிகளைத் தேடி நடப்பது, உட்கார்ந்து சாப்பிடுவது, யோசிப்பது. வேறு திட்டம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அந்த நடையில் எனக்குப் பிடிபட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மும்பையின் ரொட்டி, குடும்பத்தைப் பிரிந்து தனியாக இருந்தவர்கள், அதேபோல் தனியாக இருந்தவர்களுக்காகச் சுட்ட ரொட்டி.

நம் மரபில் தனியாகச் சாப்பிடுவதற்கு நல்ல பெயர் கிடையாது. இந்திரனின் அமிழ்தமே கிடைத்தாலும் இனிது என்று தாம் மட்டும் உண்ணாதவர்களால்தான் இந்த உலகம் இருக்கிறது என்று பாடியவர்கள் நாம். அந்தப் பாட்டின் உயரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது பதுக்கித் தின்கிறவனைப் பார்த்துச் சொன்னது. ஆனால் ஊரைவிட்டு வந்து, பத்துப் பேர் படுக்கும் அறையில் ஒரு பாய் அளவு இடத்தில் வாழ்கிறவனுக்கும் பசிக்குமே? பகிர்ந்துகொள்ள அவனிடம் யார் இருக்கிறார்கள்? அவனை எந்த இலையில் உட்காரவைப்பது? இந்தக் கேள்விக்கு ஒரு நகரம் நூறு வருடத்துக்கு முன்பே பதில் சொல்லியிருக்கிறது.

பம்பாயில் முதல் பஞ்சாலை 1854-ல் தொடங்கப்பட்டது. அதற்குப் பிறகு கொங்கணக் கரையிலிருந்தும் தக்காணத்திலிருந்தும் ஆண்கள் வந்து குவிந்தார்கள். மனைவி, பிள்ளைகள் ஊரில். நிலம் இருந்தால் அதுவும் ஊரில். கோவாக்காரர்களும் அப்படித்தான் வந்தார்கள். கப்பலில் சமையல்காரராக, பாண்டு வாசிப்பவராக, வேலை தேடுபவராக வந்த அவர்கள் தங்குவதற்குத் தோபி தலாவ் பக்கம் ‘கூட்’ என்ற பொது விடுதிகளை அவரவர் கிராமத்தின் பெயரிலேயே வைத்துக்கொண்டார்கள். ஒரு கிராமத்துக்கு ஒரு கூட். ஒரு டிரங்குப் பெட்டி வைக்க இடம், மாலையில் சேர்ந்து சொல்ல ஒரு ஜெபம். அவ்வளவுதான் வீடு.

ரொட்டியைக் கொண்டுவந்தவர்களும் கோவாக்காரர்கள்தான். போர்த்துகீசியரிடம் கற்ற வித்தை அது. ஈஸ்ட் கிடைக்காத காலத்தில் தென்னங்கள்ளை ஊற்றி மாவைப் புளிக்கவைத்தார்கள். ஆப்பத்துக்குக் கள் ஊற்றிய பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். நமக்கு இது ஒன்றும் அதிசயம் இல்லை. பிற மதத்தார் கை பிசைந்தது என்று ரொட்டியைத் தொடாத வீடுகள் அன்று ஏராளம். ஆனால் ஆலைச் சங்கு ஊதும்போது அடுப்பு மூட்ட ஆளில்லாத மனிதன் அதையெல்லாம் பார்க்க முடியுமா? கையில் வாங்கி நடந்துகொண்டே தின்னக்கூடிய உணவு அவனுக்கு வேண்டியிருந்தது. ‘பாவ்’ என்கிற அந்தச் சின்ன ரொட்டி அப்படித்தான் அந்த ஊரின் உணவானது.

அடுத்து வந்தவர்கள் இரானிகள். இரானின் யஸ்த், கெர்மான் பகுதிகளிலிருந்து வறுமைக்கும் மத ஒடுக்குமுறைக்கும் தப்பி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பம்பாய் வந்த ஜொராஸ்ட்ரியர்கள், அதாவது ஜரதுஷ்டிர மதத்தினர். தெருமுனைக் கடை ராசியில்லை என்று இந்து வியாபாரிகள் ஒதுக்கிய இடங்களை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று அங்கே சொல்வார்கள். முனைக் கடைக்கு இரண்டு பக்கமும் வாசல். காற்று, வெளிச்சம், போகிற வருகிற எல்லோருடைய கண்ணும். பளிங்கு மேஜை, வளைந்த முதுகுள்ள மர நாற்காலி, சுவரெல்லாம் கண்ணாடி. எந்த மதம், எந்தச் சாதி என்று கேட்காமல் எல்லோருக்கும் ஒரு கோப்பை தேநீர். சாதிக்கு ஒரு குவளை வைத்திருந்த நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. மும்பையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் கொடுக்கிற பக்கங்களில் கொஞ்சத்தை இந்தக் கோப்பைக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

மெட்ரோ சினிமா எதிரே, தோபி தலாவில், ஜெர் மஹால் என்ற பழைய கட்டடம். கீழே 1904-ல் தொடங்கிய கயானி அண்ட் கோ என்ற இரானி கடை. அதே கட்டடத்தின் மாடிகளில்தான் கோவாக்காரர்களின் பல கூட்கள். மேலே தனி மனிதர்களின் பெட்டி படுக்கை. கீழே அவர்களுடைய மேஜை. படி இறங்கினால் பன் மஸ்கா, வெண்ணெய் தடவிய பன். இதை அங்கே நின்று நேரில் பார்த்தபோதுதான் முதலில் நான் சொன்ன எண்ணம் எனக்குள் உறுதிப்பட்டது.

உள்ளே போய் உட்கார்ந்தேன். நம் பக்கத்தில் ஒரு பெண் ஹோட்டலுக்குத் தனியாகப் போனால் முதலில் காதில் விழுவது, ‘எத்தனை பேர்?’ ‘ஒருத்திதான்’ என்று சொன்னதும் முகத்தில் ஒரு மாற்றம் வரும். பிறகு கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜையைக் காட்டுவார்கள். தோழிகள் தலையாட்டுகிறீர்கள். டீக்கடை பெஞ்சைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். அது ஆண்களின் பெஞ்ச். கயானியில் அந்தக் கேள்வியே வரவில்லை. காலி நாற்காலி எது என்று கண்ணால் காட்டினார்கள். எதிரே ஒரு பெரியவர் குஜராத்தி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவரும் தனி, நானும் தனி, பக்கத்து மேஜையில் பை நிறைய கோப்போடு இருந்த இளம் வக்கீலும் தனி. யாரும் யாரையும் பரிதாபமாகப் பார்க்கவில்லை.

அந்தக் காலத்து இரானி கடைகளில் பெண்களும் குடும்பங்களும் உட்காரத் தடுப்பு வைத்த தனி அறைகள் இருந்தன. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திறந்த மேஜை முதலில் ஆண்களுக்குத்தான் கிடைத்தது. தடுப்புக்குள்ளே இருந்து வெளியே வந்து நடுமேஜையில் உட்காரும் உரிமையை அந்த ஊர்ப் பெண்கள் வேலைக்குப் போய்ப் போய், லோக்கல் ரயிலில் இடித்து ஏறி, கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதித்திருக்கிறார்கள். எனக்குக் கிடைத்த நாற்காலி அவர்கள் சம்பாதித்துக் கொடுத்தது.

இனி ரொட்டியைப் பற்றி. ஃபோர்ட் பகுதியில், ஃப்ளோரா ஃபவுண்டனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு சந்துக்குள் யஸ்தானி பேக்கரி. 1953-ல் மெஹர்வான் ஜெண்ட் என்ற இரானி தொடங்கியது. அங்கே நான் சாப்பிட்டது ப்ருன் மஸ்கா. மைதா, உப்பு, ஈஸ்ட், தண்ணீர் என்று எளிமையான மாவுதான். கொழுப்பும் சர்க்கரையும் மிகக் குறைவு. உருண்டைகளை இடைவெளி விட்டு வைத்து, நல்ல சூட்டில் மேல்தோல் இறுகும்வரை சுடுகிறார்கள். விரலால் தட்டினால் தேங்காய் ஓட்டைத் தட்டியது மாதிரி சத்தம் வரும். அதைப் பிளந்து, வெண்ணெயைத் தாராளமாகத் தடவி, துண்டு போட்டுக் கொடுப்பார்கள். தேநீரில் நனைத்துத்தான் சாப்பிட வேண்டும். நனைத்த முனை குழைந்து, நனையாத முனை நொறுங்கி, நடுவில் வெண்ணெய் உருகி தேநீரின் மேலே மஞ்சள் வட்டங்களாக மிதக்கும். அவசரப்பட்டால் வாயின் மேலண்ணம் கிழியும். தானாகவே நிதானம் வந்துவிடுகிறது.

பாவ் வேறு கதை. அதே மைதா, அதே ஈஸ்ட். ஆனால் உருண்டைகளைத் தட்டில் நெருக்கி அடுக்குவார்கள். மாவு பொங்கும்போது ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் மேலும் கீழும்தான் பொன்னிறம். பக்கங்கள் தோலே இல்லாமல் பஞ்சாக இருக்கும். ஒரு தட்டு முழுவதையும் ‘லாதி’ என்கிறார்கள். வேண்டியதைப் பிய்த்துக் கொடுப்பார்கள்.

இது எங்கே, யார் கையால் ஆகிறது என்று பார்க்காமல் திரும்பக் கூடாது என்று தோன்றியது. நள்ளிரவு தாண்டி, ஒரு சிறிய பேக்கரியின் பின்கட்டுக்குள் என்னை அனுமதித்தார்கள். தாழ்ந்த கூரை. சுவரோடு சேர்த்துக் கட்டிய செங்கல் அடுப்பு, ‘பட்டி’ என்கிறார்கள். உள்ளே விறகு எரிந்து, தணலை ஒதுக்கி, கல் பிடித்துவைத்திருக்கிற சூட்டிலேயே ரொட்டி வேகிறது. ஆள் உயரத்தைவிட நீளமான மரத் துடுப்பால் தட்டுகளை உள்ளே தள்ளி, வெளியே இழுக்கிறார்கள். மேலே பரண் மாதிரி ஒரு தளம். அங்கேதான் அவர்கள் தூக்கம். பெரும்பாலும் உத்தரப்பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். சுடுகிற இடமும் படுக்கிற இடமும் ஒன்றே.

துடுப்பு பிடித்திருந்தவர் என்னைப் பார்த்து, “அகேலி ஆயீ ஹோ, மாஜி?” என்றார். தனியாகவா வந்தீர்கள் என்று. ஆமாம் என்றேன். நீங்கள் என்று கேட்டேன். ஆசம்கட் பக்கம் ஊர். மனைவியும் பிள்ளைகளும் அங்கே. ஈத் பண்டிகைக்குப் போவேன் என்றார். சொல்லிவிட்டு அடுத்த தட்டை இழுத்தார். விடிவதற்குள் சைக்கிள்காரர்கள் வந்துவிடுவார்கள், நின்று பேச நேரமில்லை. சூடான பாவ் ஒன்றைத் தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். ஆலைத் தொழிலாளியின் காலம் முடிந்துவிட்டது. ரொட்டி சுடுகிறவரின் தனிமை இன்னும் முடியவில்லை.

வடாபாவைப் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும். 1966-ல் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே அசோக் வைத்யா என்பவர் உருளைக்கிழங்கு வடையைப் பாவுக்குள் வைத்து விற்கத் தொடங்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. 1982-ல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஆலை வேலைநிறுத்தம் நடந்து, வேலை திரும்பக் கிடைக்காமல் போனவர்களில் பலர் பிழைப்புக்கு வடாபாவ் வண்டி போட்டார்கள். வேலையில் இருந்தபோது தின்ற ரொட்டி, வேலை போனபிறகு சோறு போட்டது.

நான் பெரிதும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம், நகரத்தின் காற்று மாசைக் கருதி, விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் எரிவாயுவுக்கோ வேறு தூய எரிபொருளுக்கோ மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. ருசி போய்விடும், மரபு போய்விடும் என்று ஒரு பக்கம் குரல் எழுந்தது. அந்தப் பின்கட்டில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் புகையை முதலில் குடிக்கிறவர் பரணில் தூங்கும் அந்த மனிதர். அவருடைய நுரையீரலைக் கொடுத்து எனக்கு ருசி வேண்டாம். உத்தரவு நியாயமானது. ஆனால் அடுப்பை மாற்ற ஆகும் செலவை யார் ஏற்பது? பழைய கட்டடங்களில் உடைந்த மரத்தை மலிவாக வாங்கி எரித்து, மிகக் குறைந்த விலைக்குப் பாவ் விற்கிற சின்ன முதலாளியிடம் அதற்கான பணம் இல்லை. குழாய் வாயு எட்டாத சந்துகளும் உண்டு. நகரமே தின்கிற ரொட்டி இது. அடுப்பு மாற்றும் செலவில் பெரும் பங்கை மாநகராட்சியும் மாநில அரசும்தான் ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் சின்ன பேக்கரிகள் ஒவ்வொன்றாக மூடும். பிளாஸ்டிக் உறையில் வரும் ஆலை ரொட்டி மிஞ்சும். ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த இரானி கடைகளில் இன்று சில டஜன்கூட மிச்சமில்லை. அவற்றை வாடகையும் நிலவிலையும் விழுங்கின. பேக்கரிகளையும் அப்படி விட்டுவிடக் கூடாது.

நம் இலக்கியத்தில் ஆற்றுப்படை என்று ஒரு மரபு உண்டு. முன்னே போய்ப் பரிசு பெற்று வருகிறவர், எதிரே வருகிறவரிடம் எந்த வழியில் போக வேண்டும், எங்கே தங்க வேண்டும், எந்த நிலத்தில் என்ன உணவு கிடைக்கும் என்று சொல்லி அனுப்புவார். இங்கே இருக்கும் பெண்களுக்கு நான் அதைச் செய்ய ஆசைப்படுகிறேன்.

சென்னையிலிருந்து ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு முழு நாள் பயணம். சோலாப்பூர், புனே தாண்டி, லோனாவாலாவிலிருந்து மலை இறங்குகிற இடத்தில் விழித்திருங்கள். மழைக்காலம் வேண்டாம், நடக்க முடியாது. லோக்கலில் பெண்கள் பெட்டியில் ஏறுங்கள். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டால் நான்கு பேர் சொல்வார்கள். தமிழ்க் குரல் கேட்க ஆசை வந்தால் மாதுங்கா போங்கள். அங்கே மத்திய ரயில்வேயின் நிலையத்தை 2017-லிருந்து முழுக்கப் பெண் ஊழியர்களே நடத்தத் தொடங்கினார்கள். பேக்கரிக்குக் காலை சீக்கிரமே போய்விடுங்கள். மாவா கேக் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பாலைச் சுண்டவைத்த கோவாவும் ஏலக்காயும் சேர்த்துச் செய்வது, சீக்கிரம் தீர்ந்துவிடும். அடுக்கடுக்காகப் பொரியும் காரி பிஸ்கட் வீட்டுக்கு வாங்கலாம், நொறுங்காமல் கொண்டுவருவது உங்கள் சாமர்த்தியம். துணைக்கு யார் வருகிறார்கள் என்று வீட்டில் கேட்பார்கள். யாரும் வரவில்லை என்று நிமிர்ந்து சொல்லுங்கள்.

டிக்கெட் போடுவது, பெண்கள் தங்கும் இடம், எவ்வளவு பணம் வேண்டும் என்பதையெல்லாம் கேட்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன். மற்றக் கேள்விகளை இப்போதே கேட்கலாம். நன்றி, வணக்கம்.