அர்னால்ட் வாய் திறக்கும் முன்பே

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய ஈ.டி. அணி அக்காவே, பிளேட் ரன்னர் அணித் தம்பியே, ராத்திரி ஒன்பது மணி தாண்டியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் இசைப் பிரியர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒரு தடவை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 1982 கோடையில் அமெரிக்காவில் வெளிவந்த படங்களில் தலைசிறந்த பின்னணி இசை எது? ஜான் வில்லியம்ஸின் ஈ.டி. என்றார் அக்கா. வாங்கெலிஸின் பிளேட் ரன்னர் என்றார் தம்பி. பேசில் போலடூரிஸ் இசையமைத்த கோனான் தி பார்பேரியன் என்று சொல்ல நான் வந்திருக்கிறேன். மூன்று அணியில் கைத்தட்டல் குறைவாக வாங்கியது என் அணிதான். பரவாயில்லை, கேட்ட பிறகு தட்டுங்கள்.

அந்தக் கோடை சாதாரணக் கோடை இல்லை. மே 14 அன்று கோனான் வருகிறது. ஜூன் 4 அன்று ஒரே நாளில் ஸ்டார் ட்ரெக்கின் இரண்டாம் படமும் போல்டர்கைஸ்டும். முன்னதற்கு இசை ஜேம்ஸ் ஹார்னர், அப்போது அவருக்கு வயது 28. பின்னதற்கு ஜெர்ரி கோல்ட்ஸ்மித். ஜூன் 11 ஈ.டி. ஜூன் 25 அன்று மறுபடியும் ஒரே நாளில் பிளேட் ரன்னரும், எனியோ மோரிகோன் இசையமைத்த தி திங்கும். ஜூலை 2 அன்று கோல்ட்ஸ்மித் முதன்முதலாக ஒரு கார்ட்டூன் படத்துக்குச் செய்த இசை, ஜூலை 9 அன்று சிந்தசைசரையும் லண்டன் ஃபில்ஹார்மோனிக் குழுவையும் ஒன்றாக உட்காரவைத்து வெண்டி கார்லோஸ் செய்த ட்ரான். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக எட்டு வாரம். எட்டு வாரத்தில் இத்தனை பெரிய கைகள் இப்படி அடுத்தடுத்து வந்த இன்னொரு கோடையை எனக்குத் தெரியாது. இதில் எதை முதலில் வைத்தாலும் யாருக்காவது மனசு வலிக்கும், எனக்கும்தான் வலிக்கிறது, ஹார்னரின் அந்தக் கடற்காற்று வீசும் இசையை இன்று ஒரு வரியில் தாண்டிப் போக வேண்டியிருக்கிறதே என்று.

சரி, அளவுகோலுக்கு வருகிறேன். வீட்டுக்குப் போகும் வழியில் முணுமுணுக்க முடிகிறதா என்று பார்க்கச் சொன்னார் அக்கா. அதற்கு முன் யாரும் கேட்டிராத சத்தமா என்று பார்க்கச் சொன்னார் தம்பி. இரண்டும் நல்ல கேள்விகள். ஆனால் அவை பாட்டுக்கும் ஆல்பத்துக்கும் கேட்கவேண்டியவை. பிஜிஎம்முக்கு நான் கேட்பது வேறு. படத்திலிருந்து இசையை உருவிவிட்டால் கதை நிற்குமா, விழுமா?

நான் கோனானை முதலில் பார்த்தது பக்கத்து வீட்டு மாமா வாடகைக்கு எடுத்து வந்த வீடியோ கேசட்டில். சின்ன டிவி, அதில் ஒரே ஒரு ஸ்பீக்கர். எனக்கு ஆங்கிலம் ஏபிசிடியைத் தாண்டாத வயது. கூடத்தில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம், பாதிப்பேருக்கு ஒரு வசனமும் பிடிபடவில்லை. ஆனால் யாரும் பக்கத்தில் திரும்பி "என்ன நடக்குது?" என்று கேட்கவில்லை. அது ஏன் என்று எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் புரிந்தது. படம் தொடங்கி இருபது நிமிடத்துக்கு மேல் ஆன பிறகுதான் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் தன் முதல் வசனத்தைப் பேசுகிறார். அதுவரை நமக்குக் கதை சொன்னவர் போலடூரிஸ்.

அந்தக் காட்சியை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விடுங்கள், நடுவர் அவர்களே. பனி மூடிய ஒரு மலைக்கிராமம். காட்டுக்குள்ளிருந்து குதிரைகள் வருகின்றன. லத்தீனில் கூட்டுக்குரல்கள் முழங்குகின்றன, முரசு குளம்படியோடு ஓடுகிறது, கிராமமே எரிகிறது. அப்பா செத்துப்போகிறார். அப்புறம் எல்லாம் அடங்கி, கையில் வாளோடு அம்மா மட்டும் நிற்கிறாள், அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு சிறுவன் கோனான். வில்லன் துல்சா டூம் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அவளைப் பார்க்கிறான், வெறுமனே பார்க்கிறான். அவள் கையிலிருந்த வாள் தானாகத் தாழ்கிறது. அவன் முதுகைத் திருப்புகிறான். விட்டுவிட்டான் என்று நாம் மூச்சு விடும்போது சுழன்று வெட்டுகிறான். பையன் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தன் பிடியிலிருந்து அம்மாவின் கை நழுவிப்போவதை உணர்கிறான், பிறகு காலியான தன் உள்ளங்கையைப் பார்க்கிறான்.

இந்த இடத்தில் ஒரு வசனம் கிடையாது. அலறல் கிடையாது. அந்த ஊருக்குள் நுழைந்தபோது இடிமாதிரி முழங்கிய அதே குரல்கள் இப்போது கோயிலில் ஜெபிப்பதுபோலத் தாழ்ந்து பாடுகின்றன. இறந்தவர்களுக்காகக் கத்தோலிக்கத் தேவாலயங்களில் நூற்றாண்டுகளாகப் பாடிவந்த டீஸ் ஈரே என்ற பழைய மெட்டைப் போலடூரிஸ் இங்கே எடுத்துக் கையாண்டிருக்கிறார். அந்தப் பிள்ளைக்குத் தன் அம்மாவின் சாவுக்கு ஒப்பாரி வைக்க ஆளில்லை. இசைதான் வைக்கிறது. எனக்கு அன்று டீஸ் ஈரே என்றால் என்னவென்றே தெரியாது, ஆனாலும் இது சாவு வீட்டுப் பாட்டு என்று தெரிந்தது.

அடுத்தது, அடிமையாகிவிட்ட கோனான் தள்ளும் சக்கரம். நம் ஊர்ச் செக்கைப் பல மடங்கு பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள், மாட்டுக்குப் பதிலாகச் சங்கிலி போட்ட பிள்ளைகள். இரும்பு மோதும் சத்தமே தாளம். அதன் மேல் கனமான ஒரு மெட்டு, காலை இழுத்து இழுத்து நடப்பதுபோல. வருஷங்கள் போகின்றன, தள்ளுகிற பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள், மெட்டு ஏறிக்கொண்டே போகிறது, கடைசியில் ஒற்றை ஆள் தலை நிமிர்த்தினால் அது அர்னால்ட். ஒரு பையன் ஆளாகும் கதை மொத்தமும் அந்தச் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. இந்த இரண்டு இடத்திலும் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். முதலாவதில் கொலை இருக்கும், துக்கம் இருக்காது. இரண்டாவதில் ஒருவர் மரக்கட்டையைத் தள்ளிக்கொண்டிருப்பார்.

இது தற்செயலாக வந்ததில்லை. இயக்குநர் ஜான் மிலியஸும் போலடூரிஸும் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்த காலத்திலிருந்து நண்பர்கள். படத்தை வசனம் குறைவான ஒரு ஓபரா மாதிரி, இசை விடாமல் ஓடும்படி எடுக்கவேண்டும் என்று மிலியஸ் நினைத்தார். நம் ஊரில் ரீ-ரெக்கார்டிங் என்கிறோமே, படத்தை வெட்டி ஒட்டி முடித்துவிட்டு, வெளியீட்டுக்குச் சில வாரம் இருக்கும்போது இசையமைப்பாளரைக் கூப்பிட்டு உட்காரவைப்பது, அப்படி இல்லை இது. படப்பிடிப்புக்கு முன்பே ஸ்டோரிபோர்டு படங்களைப் பார்த்து மெட்டு போடத் தொடங்கிவிட்டார் போலடூரிஸ். 1981 கடைசியில் ரோம் நகரில் பதிவு. சுமார் 90 வாத்தியக்காரர்கள், 24 பேர் கொண்ட பாடகர் குழு. அப்பா வாள் வார்க்கும் அந்த முதல் காட்சியில் முழங்குவது 24 பிரெஞ்சு ஹார்ன்கள். வழக்கமான ஒரு சிம்பொனிக் குழுவில் நான்கு பேர் ஊதுவார்கள். இங்கே 24!

தம்பி என்னைப் பார்த்து ஒரு அம்பு விட்டார், அதற்குப் பதில் சொல்லாமல் போகமாட்டேன். கோனான் இசை, ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபின் கார்மினா புரானா என்ற மேடை இசைப் படைப்பைப் பார்த்து எழுதியது என்றார். உண்மையின் பாதியைச் சொன்னார். மிலியஸ் முதலில் ஓர்ஃபின் அந்தப் புகழ்பெற்ற கூட்டுப்பாடலையே படத்தில் வைக்க ஆசைப்பட்டார். 1981இல் வந்த எக்ஸ்காலிபர் என்ற படம் அதைப் பயன்படுத்திவிட்டதால் கைவிட்டார். ஆகவே அந்த வாசனை இருக்கத்தான் செய்கிறது, நான் மறைக்கவில்லை. ஆனால் வாசனை வேறு, சமையல் வேறு. போலடூரிஸ் வரிகளை ஆங்கிலத்தில் எழுதி லத்தீனுக்கு மாற்றவைத்தார், அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்பதைவிட அவை வாயில் எப்படி ஒலிக்கின்றன என்பதே அவருக்கு முக்கியமாக இருந்தது. குரலையும் ஒரு வாத்தியமாக்கிவிட்டார். ஓர்ஃபின் பாடல் மேடையில் தனியாக நிற்கும். இது அந்த எரியும் கிராமத்துக்கென்றே பிறந்தது, படத்திலிருந்து பிரித்தெடுத்துக் கேட்டாலும் நமக்கு அந்தக் குதிரைகள்தான் தெரிகின்றன.

இப்போது அக்காவிடம் வருகிறேன். ஈ.டி.யின் கடைசிக் கட்டத்தைப் பற்றி அவர் சொன்னது அத்தனையும் உண்மை. சைக்கிள் துரத்தலில் தொடங்கும் அந்த நீண்ட இசையைக் காட்சியின் ஒவ்வொரு வெட்டுக்கும் பொருத்திப் பதிவு செய்ய வில்லியம்ஸ் திணறியபோது, திரையை அணைத்துவிட்டுக் கச்சேரியில் நடத்துவதுபோல நடத்துங்கள் என்று ஸ்பீல்பெர்க் சொன்னதும், பிறகு அந்த இசைக்கு ஏற்றபடி படத்தையே திருத்தி வெட்டியதும் சினிமா இசையை நேசிக்கிற எல்லோருக்கும் பெருமை தருகிற செய்தி. எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது, கோனான் அணியில் நின்றுகொண்டே சொல்கிறேன். ஆனால் அக்கா, அந்தச் சிறுவன் எலியட் அழுகிறான், அவன் முகமே நமக்கு எல்லாவற்றையும் சொல்கிறது. அந்த முகம் சொன்னதைப் பிடித்து வானம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போகிறார் வில்லியம்ஸ். கோனான் அழமாட்டான். தன் காதலி வலேரியாவின் சிதைக்கு அவனே தீ வைத்துவிட்டுக் கல்போல நிற்கிறான். அவன் சிம்மேரியன் இனத்தவன், அழமாட்டான், அதனால் அவனுக்காக நான் அழுகிறேன் என்று சொல்லித் தோழன் சுபோதாய் கண்ணீர் விடுகிறான். அந்தத் தீ மேலே எழும்போது அவர்கள் இருவரின் காதல் மெட்டு முழு வாத்தியக் குழுவோடு எழுகிறது. முகத்தில் ஒன்றுமே இல்லாத ஒரு மனிதனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டியாக வேண்டும், காட்டுவதற்கு வேறு யாரும் இல்லை. இந்த வேலை கடினமானது என்றே நினைக்கிறேன்.

தம்பியின் பிளேட் ரன்னர். லண்டனில் தன் ஸ்டுடியோவில் தனியாக உட்கார்ந்து, ஓடும் காட்சியைப் பார்த்துக்கொண்டே யமஹா சிஎஸ்-80 சிந்தசைசரில் வாங்கெலிஸ் வாசித்தது. மழையும் நியானும் இசையாகக் கேட்கிறது என்று தம்பி சொன்னது சரி. நான் அதை ராத்திரிப் பேருந்துப் பயணங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவன். ஆனால் நாம் பேசுவது 1982 கோடையில் தியேட்டரில் ஓடிய படத்தைப் பற்றி. அன்று ஓடிய பிரதியில் ஹாரிசன் ஃபோர்டின் குரல் கதையை விளக்கிக்கொண்டே வந்தது, காட்சியும் இசையும் போதாது என்று யாரோ பயந்திருக்கிறார்கள். கோனானிலும் ஒரு கதைசொல்லி உண்டு, அதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மாவின் கை நழுவும்போது அந்தக் குரல் வாயைத் திறப்பதில்லை.

விருது கிடைக்கவில்லையே என்று ஒருவர் கீழேயிருந்து குரல் கொடுத்தார். ஆமாம், கோனானுக்கு ஆஸ்கர் பரிந்துரைகூட இல்லை. ஈ.டி. வென்றது. பரிந்துரைப் பட்டியலில் கோல்ட்ஸ்மித் இருந்தார், காந்தி படத்துக்காக ரவி சங்கரும் ஜார்ஜ் ஃபென்டனும் இருந்தார்கள். பிளேட் ரன்னர் இசையும் அங்கே இல்லை. தி திங் படத்துக்காக மோரிகோனை அந்த வருஷம் மோசமான இசைக்கான ராஸி பட்டியலில் போட்டார்கள். அதே படத்துக்காக எழுதி அப்போது பயன்படாமல் போன இசையில் சில பகுதிகள் 2015இல் தி ஹேட்ஃபுல் எய்ட் படத்தில் ஒலித்தன, அந்தப் படத்துக்காக 2016இல் அவர் கையில் ஆஸ்கர். 1982 நடுவர்களின் காதை நம்பி நாம் இன்று தீர்ப்பு சொல்லவேண்டியதில்லை.

இன்னொன்றைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. இத்தனை பேர் ரோமில் கூடி வாசித்த இந்த இசை, படம் வெளியானபோது தியேட்டர்களில் மோனோவில் ஒலித்தது. ஸ்டீரியோவுக்குச் செலவழிக்கத் தயாரிப்புத் தரப்பு விரும்பவில்லை. அந்த 24 ஹார்ன்களும் திரைக்குப் பின்னால் ஒரே தடத்தில் அடைபட்டுக் கிடந்தன. முழு இசையும் ஒழுங்காக நம் கைக்கு வர எத்தனை வருஷம்! 2010இல் பிராக் நகரக் குழுவை வைத்து முழுவதையும் புதிதாக வாசித்துப் பதிவு செய்தார்கள், 2012இல் ரோமில் பதிவான அசலே முழுமையாக வெளிவந்தது. ரசிகர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால் வந்தது.

போலடூரிஸ் அதைப் பார்க்கவில்லை. 2006 கோடையில், புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த நிலையிலும், ஸ்பெயினில் உபேதா என்ற ஊருக்குப் போய், திரை இசை ரசிகர்கள் முன்னால் கோனான் இசையைத் தானே நின்று நடத்திக் கொடுத்தார். அந்த நவம்பரில் இறந்துபோனார், வயது 61. உயிர் மிச்சமிருந்த மாதங்களில் ஒரு கலைஞன் தன் எந்தப் படைப்போடு போய் நிற்கிறான் என்பதை நடுவர் அவர்கள் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் மணி அடித்துவிட்டது. எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது. அதைப் பேசிக் கழிக்க எனக்கு விருப்பமில்லை. மைக் செட் அண்ணே, நான் கொடுத்த பென் டிரைவில் சக்கரம் சுற்றும் இசை இருக்கிறது. இடது பக்க ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, வலது பக்கம் ஒன்றில் மட்டும் போடுங்கள். அன்று தியேட்டரில் கேட்டதும், மாமா வீட்டு டிவியில் எனக்குக் கேட்டதும் அவ்வளவுதான்.