அம்மாளு ஏன் போனாள்?

வணக்கம், நேயர்களே.

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' 1934இல் மணிக்கொடி பத்திரிகையில் வந்த கதை. சில பக்கங்கள்தான். அம்மாளு மில் கூலி. புருஷன் முருகேசன் குதிரை வண்டிக்காரன். குடித்துவிட்டு ரேஸ் விட்டதில் வண்டியின் ஏர்க்கால் ஒடிந்து, அடிபட்டுக் கிடக்கிறான். பேச்சு வந்ததும் பால் கஞ்சி கேட்கிறான். அன்றிரவு தண்ணீர் பிடிக்கப் போன அம்மாளு, சந்துப் பக்கம் நின்ற ஒருவனோடு இருளில் மறைகிறாள். முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள்.

ஏன்? வறுமை என்று எழுதினால் பரீட்சையில் மார்க் கிடைக்கும். ஆனால் அந்தச் சந்து முழுக்க வறுமைதான், முந்தின வாரமும் வறுமைதான். இந்த ராத்திரி ஏன் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அம்மாளு என்ன நினைத்தாள் என்று கதையில் ஒரு வரிகூட இல்லை. அப்படியானால் சாட்சியை எங்கே தேடுவது?

கணக்கில் தேடலாம். கூலி போட இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்கிறார் ஆசிரியர். போகிறபோக்கில் சொன்னது போல இருக்கும், ஆனால் அதை எடுத்துவிட்டால் கதையே நிற்காது. கஞ்சி இன்றைக்கு வேண்டும், காசு நாளை மறுநாள்தான் வரும். அப்புறம், சந்தில் நின்றவன் அவள்மேல் 'ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தவன்'. என் கணக்கில் இதுதான் கதையின் பலமான சாட்சி. ரொம்ப நாளாக அவன் கண் மட்டும்தான் வைக்க முடிந்திருக்கிறது. அவள் ஒழுக்கத்தைப் பற்றி ஆசிரியர் தனியாக எதுவும் சொல்லாமல், அவனைப் பற்றிச் சொல்வது போல இதைச் சொல்லிவிடுகிறார்.

புருஷன்மேல் பாசமா? வீக்கத்துக்கு எதையோ அரைத்துப் பூசுகிறாள். அவ்வளவுதான் இருக்கிறது. அதற்கு மேல் கண்ணீர், தவிப்பு என்று சேர்த்தால் அது நம் கற்பனை, கதையில் இல்லை. திட்டமிட்டுத்தான் வெளியே போனாளா என்பதும் அப்படித்தான். போனது தண்ணீருக்கு. கூட்டத்தின் இரைச்சலில் நின்று தண்ணீரும் பிடித்துவிட்டாள். திரும்பும் வழியில்தான் அவன் நிற்கிறான். அவன் இழுத்தான் என்றோ அவள் கூப்பிட்டாள் என்றோ எழுதவில்லை. இருவரும் மறைகிறார்கள், அவ்வளவே.

சரி, 'புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்கத்தான்' என்று கதையே சொல்லிவிடுகிறதே, பிறகு எதற்கு இந்தத் துப்பறிதல் என்று கேட்கலாம். அந்த வரி அம்மாளுவின் வாக்குமூலம் இல்லை. 'ஆம்' என்று தொடங்குகிறது. கதைசொல்லி நம்மைப் பார்த்துக் குத்திப் பேசுகிற இடம் அது. அடுத்த வரியிலேயே கற்பைப் பற்றிப் பேசுகிறவர்கள்மேல் பாய்ந்துவிடுகிறார். அவர் கோபத்தில் இருக்கிறார். அதனால் அவர் சொல்லும் காரணத்தைவிட, போகிறபோக்கில் விட்டுப்போன அந்த இரண்டு நாள் கூலிக் கணக்கைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

நன்றி, வணக்கம்.