ஆர்கிட்டுக்கு லைட்டும் வேணும், இருட்டும் வேணும்

வணக்கம் நேயர்களே. வெயிலே எட்டிப் பார்க்காத ரூம்ல லைட்டை மட்டும் வச்சு ஆர்கிட் வளர்க்க முடியுமா, வளர்த்தாலும் பூக்குமான்னு நிறைய பேருக்கு சந்தேகம் இருக்கு, அதைப் பத்திப் பேசத்தான் இன்னைக்கு வந்திருக்கேன். முடியும்ங்க, நல்லாவே முடியும், பூவும் பூக்கும். ஆனா வெளிச்சம் போதுமா போதாதாங்கறதுல மட்டும் நம்ம கண்ணை நம்பிடாதீங்க, இன்னைக்கு நான் சொல்ல வந்ததே முக்கியமா இதுதான்.

உச்சி வெயில்ல வெட்டவெளியில அளந்தா சுமாரா 1,00,000 லக்ஸ் இருக்கும், லக்ஸ்ங்கறது வெளிச்சத்தை அளக்கற அலகு. அதே நேரம் டியூப்லைட் எரியற ஹால்ல அளந்தா 200, மிஞ்சிப் போனா 300 லக்ஸ். முன்னூறு மடங்குக்கும் மேல வித்தியாசம், ஆனா நமக்கு ரெண்டு இடத்துலயும் பேப்பர் படிக்க முடியுது, ஏன்னா கண்ணு தன்னை அட்ஜஸ்ட் பண்ணிக்குது. செடியால அப்படிப் பண்ணிக்க முடியாது, அதுக்கு வெளிச்சம்தான் சாப்பாடு. அதனாலதான் "எங்க ஹால் நல்லா வெளிச்சமா இருக்கே, ஏன் பூக்கலை"ன்னு கேக்கறவங்க வீட்டுல செடி பல மாசமா பட்டினி கிடக்குது, இலை மட்டும் கரும்பச்சையா நீளமா தளதளன்னு இருக்கறதைப் பார்த்துட்டு செழிப்பா இருக்குன்னு நினைச்சுடறாங்க.

சரி எவ்வளவு வேணும்? கடையில அதிகமா கிடைக்கற ஃபெலனாப்சிஸ்ங்கற ஆர்கிட் வகைக்கு 10,000லருந்து 15,000 லக்ஸ் வரைக்கும் இருந்தா நல்லா பூக்கும், பாஃபியோபெடிலம்ங்கற வகையும் கிட்டத்தட்ட அப்படித்தான், கம்மி வெளிச்சத்துல சமாளிச்சுக்கும். கேட்லியா வகைக்கு 20,000லருந்து 30,000 வேணும். வாண்டா அதுக்கும் மேல கேக்கும், அதை லைட்டுக்கடியில வளர்க்கறது ரொம்பக் கஷ்டம், புதுசா ஆரம்பிக்கறவங்க அதைத் தொடவே வேண்டாம்னுதான் சொல்லுவேன். போன்லயே லக்ஸ் அளக்கற ஆப் இருக்கு, துல்லியமா காட்டாது, ஆனா 500 லக்ஸா 10,000 லக்ஸான்னு தெரிஞ்சுக்க அது போதும். போனை இலை இருக்கற உயரத்துலயே வச்சு அளங்க, ஏன்னா லைட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளினாலே வெளிச்சம் மளமளன்னு குறைஞ்சுடும், ஒரு சின்ன பல்புலருந்து ரெண்டு மடங்கு தூரம் போனா வெளிச்சம் நாலுல ஒரு பங்குதான் மிஞ்சும். நீளமான டியூப்ல அந்த அளவுக்கு மோசமில்ல, ஆனா டியூபோட ரெண்டு ஓரமும் நடுவைவிட மங்கலா இருக்கும், அதனால நடுவுல கேட்லியாவையும் ஓரத்துல பாஃபியோபெடிலத்தையும் வச்சா ஒரே ஷெல்ஃப்ல ரெண்டும் சந்தோஷமா இருக்கும்.

எந்த லைட் வாங்கறதுன்னு கேட்டீங்கன்னா சாதாரண வெள்ளை எல்இடியே போதும், 4000லருந்து 6500 கெல்வினுக்குள்ள இருக்கறது, கெல்வின்ங்கறது வெளிச்சத்தோட நிறத்தைச் சொல்ற அளவு. செடிக்கு சிவப்பும் நீலமும் மட்டும் போதும்னு சொல்லி ஊதா கலர்ல எரியற லைட் விக்கறாங்க, அதுலயும் வளரும்தான், ஆனா எனக்கு அது பிடிக்கறதே இல்ல, அந்த ஊதா வெளிச்சத்துல இலையோட நிஜ நிறமே தெரியாது, லக்ஸ் மீட்டரும் தப்பா காட்டும். வெள்ளை எல்இடிக்குள்ள இருக்கறதே ஒரு நீல எல்இடிதான், அது மேல பாஸ்பர்ங்கற ஒளிரும் பொருளைப் பூசித்தான் வெள்ளையாக்கறாங்க, அந்த நீல எல்இடியைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூணு பேருக்கும் 2014ல இயற்பியல் நோபல் கிடைச்சுது. அதுக்கு முன்னாடி லைட்ல ஆர்கிட் வளர்த்தவங்க சூடான சோடியம் விளக்கோடயும் கொஞ்ச நாள்லயே மங்கிப் போற டியூப்லைட்டோடயும் எவ்வளவு பாடுபட்டிருப்பாங்கன்னு நினைச்சா, நமக்கு இது எவ்வளவு சுலபமாயிடுச்சுன்னு புரியும். அட்டைப்பெட்டியில "1000 வாட்டுக்குச் சமம்"னு போட்டிருந்தா அதைப் பார்க்காதீங்க, நிஜமா எத்தனை வாட் கரண்ட் இழுக்குதுன்னு பாருங்க.

மீட்டர் என்ன சொன்னாலும் கடைசித் தீர்ப்பு இலையோடதுதான். கரும்பச்சைன்னா வெளிச்சம் பத்தலை. கொஞ்சம் மஞ்சள் கலந்த இளம்பச்சைன்னா சரியா இருக்கு. ஓரத்துல லேசா சிவப்போ ஊதாவோ ஏறுதுன்னா இதுக்கு மேல வேண்டாம்னு அர்த்தம், வெளுத்துப் போய் திட்டுத் திட்டா காஞ்சா எரிஞ்சே போச்சு, அந்த இடம் திரும்பப் பச்சையாகாது. இலையைத் தொட்டும் பாருங்க, சூடா இருந்தா லைட்டை உடனே ஏத்திக் கட்டுங்க.

இப்போ இருட்டுக்கு வரேன், பலபேர் கோட்டை விடறது இங்கதான். நிறைய லைட் நல்லதுன்னு 24 மணி நேரமும் எரிய விடக் கூடாதுங்க. ஃபெலனாப்சிஸ் பகல்ல இலைத்துளையைப் பெரும்பாலும் மூடியே வச்சிருக்கும், ராத்திரியிலதான் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ள இழுத்து சேத்து வச்சுக்கும், மறுநாள் வெளிச்சம் வந்ததும் அதை வச்சு சர்க்கரை பண்ணும், மரத்து மேல தண்ணி நிக்காத இடத்துல ஈரத்தைக் காப்பாத்திக்க அது பழகின வழி இது. இருட்டே குடுக்கலைன்னா இந்த வேலையே கெட்டுடும். 12லருந்து 14 மணி நேரம் லைட், மீதி நேரம் நல்ல இருட்டு, ஒரு டைமர் வாங்கி மாட்டிட்டா மறதிக்கே இடமில்ல. கேட்லியா லேபியாட்டா மாதிரி சில வகைங்க இன்னும் கறாரு, பகல் நேரம் குறைஞ்சாத்தான் மொட்டு வைக்கும், அந்த ரூம்ல ராத்திரி லைட் போட்டுப் போட்டு அணைச்சீங்கன்னா பூவே வராமப் போகலாம். ஃபெலனாப்சிஸுக்குப் பகல் நீளத்தைவிட குளிர்ச்சிதான் முக்கியம், 28 டிகிரிக்கு மேலயே இருந்தா இலையா விட்டுக்கிட்டே இருக்கும், சில வாரம் 25 டிகிரிக்குக் கீழ இறங்கினாத்தான் பூந்தண்டு எட்டிப் பார்க்கும். லைட் அணைஞ்சதும் ஷெல்ஃப் கொஞ்சம் குளிருமே, அதுவும் இதுக்கு உதவி.

தண்ணி விஷயம் சுருக்கமா. வேர் வெள்ளி நிறமா இருந்தா ஊத்துங்க, பச்சையா இருந்தா விட்டுடுங்க, இதைப் பார்க்கத்தான் கண்ணாடி மாதிரி தெரியற தொட்டி நல்லதுங்கறேன். லைட் எரிய ஆரம்பிக்கற நேரத்துல ஊத்துங்க, நடு இலைக்குருத்துல தண்ணி தேங்கி ராத்திரி முழுக்க நின்னா அழுகிடும். ஒரு சின்ன ஃபேன் மெதுவா சுத்தட்டும், செடிக்கு நேரா அடிக்க வேண்டாம், சுவத்துப் பக்கம் திருப்பி வைங்க.

பூந்தண்டு வந்துட்டா தொட்டியைத் திருப்பவே திருப்பாதீங்க, அது லைட்டைப் பார்த்து வளருது, நீங்க திருப்பத் திருப்ப தண்டும் பூவும் கோணல்மாணலாயிடும். தண்டு லைட்ல போய் முட்டற மாதிரி இருந்தா ஒரு குச்சி நட்டு மெதுவா சாய்ச்சுக் கட்டிடுங்க. பூவெல்லாம் விரிஞ்சப்புறம் தொட்டியை ஹாலுக்கு எடுத்துட்டு வந்து ஆசை தீர வச்சுப் பார்க்கலாம், சில வாரத்துக்கு அந்த மங்கின வெளிச்சம் ஒண்ணும் பண்ணாது. மொட்டா இருக்கும்போது மட்டும் இடம் மாத்தாதீங்க, கொட்டிடும். பூ முடிஞ்சதும் தண்டு இன்னும் பச்சையா இருந்தா கீழருந்து ரெண்டாவது மூணாவது கணுவுக்கு மேல வெட்டி விடுங்க, அங்கருந்து கிளை விட்டு மறுபடி பூக்க வாய்ப்பு உண்டு. தண்டு காஞ்சு போயிருந்தா அடியோட வெட்டிட்டு தொட்டியைத் திரும்ப லைட்டுக்கடியில கொண்டு போய் வச்சுடுங்க. நன்றி, வணக்கம்.