முன்னால் போகும் லோரியும் பின்னால் நிற்கும் ஊரும்

(பட்டர்வொர்த்தில் லோரி ஓட்டுநர்களும் சிறு உரிமையாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், வேலை முடிந்த கையோடு வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கும் ஓட்டுநர் தம்பிமார்களுக்கும் என் வணக்கம்.

பினாங்குப் பாலத்தின் மேல் ஐம்பது லோரிகளை ஏற்றி, எல்லாத் தடங்களையும் அடைத்துக்கொண்டு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போனால் அரசாங்கம் இறங்கி வரும் என்றொரு யோசனை சில வாரங்களாக நம்மிடையே உலவுகிறது. அதன் பின்னால் இருக்கும் வயிற்றெரிச்சலை நான் அறிவேன். 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஒரே இரவில் ஏறியது. மானிய அட்டை வைத்திருந்தவர் பழைய விலைக்கே நிரப்பிக்கொண்டு போக, விண்ணப்பம் முடங்கிக் கிடந்த ஒற்றை லோரிக்காரர் பக்கத்து பம்பில் நின்று விரல்விட்டுக் கணக்குப் பார்த்த காட்சியை நானும் பார்த்தவன்தான். ஆகவே உங்கள் குறை சரியா, தவறா என்று பேச நான் வரவில்லை. வழியைப் பற்றி மட்டுமே பேச வந்திருக்கிறேன்.

இந்த உத்தி நாம் கண்டுபிடித்ததன்று. பிரான்சு நாட்டில் இதற்கு 'நத்தை நடவடிக்கை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே உழவர்களும் லோரிக்காரர்களும் பலமுறை கையாண்ட முறை இது. ஆனால் நமக்குப் பாடமாகக்கூடியது பிரிட்டனில் நடந்தது. 2000 செப்டம்பரில் எரிபொருள் வரியை எதிர்த்து உழவர்களும் லோரி உரிமையாளர்களும் ஸ்டேன்லோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் வாயிலில் போய் நின்றார்கள். போராட்டம் மற்ற ஆலைகளுக்கும் பரவ, சில நாள்களிலேயே நாடெங்கும் எண்ணெய் நிலையங்கள் வறண்டன. அப்படியிருந்தும் பொதுமக்களில் பெரும்பகுதி அவர்கள் பக்கம் நின்றது. அரசுக்கு அறுபது நாள் கெடு வைத்துவிட்டு அவர்கள் கலைந்து சென்றார்கள். நவம்பரில் நிதியமைச்சர் கோர்டன் பிரவுன் வரி உயர்வை நிறுத்திவைத்துச் சில சலுகைகளையும் அறிவித்தார். அதே மாதத்தில், 1936ஆம் ஆண்டு வேலையற்றோர் லண்டனுக்கு நடந்தே சென்ற ஜாரோ நடைப்பயணத்தின் நினைவை இரவல் வாங்கிக்கொண்டு, அந்த ஊரிலிருந்தே ஒரு வாகன அணி லண்டனை நோக்கி மெதுவாகக் கிளம்பியது. செப்டம்பரில் கிடைத்த ஆதரவில் சிறு பங்குகூட அதற்குக் கிடைக்கவில்லை. சலுகை அறிவிப்பு காற்றைப் பிடுங்கிவிட்டது என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. மறுபாதி, என் கணிப்பில், இடத்தைப் பற்றியது. முதலில் அவர்கள் நின்றது எண்ணெயின் வாசலில். பிறகு ஊர்ந்தது வேலைக்குப் போகிறவனின் பாதையில்.

சாலை நெரிசல் எப்படி உருவாகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் முடிவு அதில்தான் அடங்கியிருக்கிறது. 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரும் ஒரே சீராக மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும்படி கேட்டுக்கொண்ட ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். குறுக்கே எதுவும் இல்லை, விளக்கும் இல்லை. ஆயினும் சிறிது நேரத்தில் ஒருவர் லேசாக வேகம் குறைக்க, அடுத்தவர் இன்னும் கொஞ்சம் குறைக்க, கடைசியில் சில கார்கள் முழுவதுமாக நின்றுபோயின. அந்த நெரிசல் கார்கள் போகும் திசையில் போகவில்லை. மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. ஒன்றுமே இல்லாத பாதையில் இப்படியென்றால், ஐம்பது லோரிகள் அடைத்த நெடுஞ்சாலையில் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் பாலத்தைவிட்டு இறங்கித் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், நீங்கள் உண்டாக்கிய அலை பாலத்தின் இக்கரையிலுள்ள பிறை ஊர் வரைக்கும் பின்னால் நடந்துபோய், உங்கள் பதாகையைப் பார்த்தே இராத ஒருவரின் காரை நிறுத்தியிருக்கும். நெரிசல் பின்னோக்கிப் போகிறது, கோரிக்கை போவதில்லை. இந்த முறையின் பெரிய பலவீனம் இதுவே. அந்த வரிசையில், தீவிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு நோயாளியை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்சும் நிற்கும். அவசரத் தடத்தைத் திறந்து வைப்போம் என்கிறீர்கள். நெரிசல் தொடங்கியதும் அந்தத் தடத்தில் முதலில் நுழைவது யார் என்பதை இந்த நாட்டில் வண்டி ஓட்டும் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கோலாலம்பூரிலும் ஓர் அனுபவம் உண்டு. 2016 மார்ச்சில் டாக்சி ஓட்டுநர்கள் கைப்பேசிச் செயலி வழிக் கார்ச் சேவைகளை எதிர்த்து புக்கிட் பிந்தாங் சாலையை மறித்தார்கள். அவர்களுடைய வருமானம் சரிந்தது உண்மை, அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனால் வழியில் சிக்கியவர்களின் கோபம் அவர்கள் மீதே திரும்பியது. மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்தச் சேவைகளுக்கு அங்கீகாரம் கொடுத்துவிட்டது.

சட்டத்தின் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2012ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டம், ஓரிடத்தில் கூடி நிற்பதை மட்டுமன்றி நகர்ந்துகொண்டிருக்கும் கூட்டத்தையும் பேரணி என்றே கொள்கிறது. 2019இல் செய்த திருத்தத்தின்படி, மாவட்டக் காவல்துறைத் தலைவருக்குத் தர வேண்டிய முன்னறிவிப்பின் காலம் பத்து நாளிலிருந்து ஐந்து நாளாகக் குறைந்தது. அதே சட்டத்தின் அட்டவணையில் பேரணி கூடாத இடங்களாக மருத்துவமனை, துறைமுகம், எண்ணெய் நிலையம் ஆகியவற்றோடு பாலமும் இருக்கிறது. ஆக, நாம் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த இடமே தடைசெய்யப்பட்ட இடம். பிரிட்டனிலும் 2022 ஜூலையில் எரிபொருள் விலையை எதிர்த்து மெதுவாக ஓட்டியவர்களில் பத்துப் பேருக்கு மேல் கைதானது ஒரு பாலத்தில்தான். வேல்சையும் இங்கிலாந்தையும் இணைக்கும் அந்தப் பாலத்தில் மணிக்கு 30 மைலுக்குக் கீழே போகக்கூடாதென்று காவல்துறை முன்கூட்டியே அறிவித்திருந்தது. பாலம் என்றால் எந்த நாட்டு அரசுக்கும் நெஞ்சு படபடக்கும் போலும்.

அப்படியென்றால் ஊரை நிறுத்தவே கூடாதா? நம் ஊரே ஆண்டுதோறும் நிற்கிறதே! தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுகிறது. 2017 முதல் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலிலிருந்து தங்க ரதமும் புறப்படுகிறது. தண்ணீர்மலை முருகன் கோவில் போய்ச் சேர ஒரு பகல் முழுவதும் ஆகிறது, ஜார்ஜ் டவுனின் சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. ஆனாலும் சீனக் கடைக்காரர் வாசலில் நின்று தேங்காய் உடைக்கிறார். பக்தியும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ரதம் எங்கிருந்து எங்கே போகிறது, எந்தச் சாலை எப்போது மூடப்படும் என்பதெல்லாம் ஊருக்கு முன்பே தெரிந்திருப்பதும் காரணம். ரதம் வருவதற்கு முன்னால் ரதத்தின் செய்தி வந்துவிடுகிறது.

ஆகையால் என் யோசனை வேறு. டீசல் மானியத்தை முடிவு செய்வது பாலமும் அன்று, தீவும் அன்று, கூட்டரசு அரசாங்கம் அமர்ந்திருக்கும் புத்ராஜெயா. அதனால் பக்கத்து ஜூருவிலிருந்து புத்ராஜெயாவை நோக்கி, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் இடது தடத்தில் மட்டும், ஒருவர் பின் ஒருவராக, லோரிக்கு இயல்பான வேகத்தில், ஒவ்வொரு வண்டியின் பின்கதவிலும் கோரிக்கையைப் பெரிய எழுத்தில் மலாயில் எழுதிக்கொண்டு போவோம். முந்திச் செல்கிற ஒவ்வொருவரும் அதைப் படித்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். பின்னால் வருகிறவருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் தாமதமாகக் கூடாது. ஓய்விடங்களில் பத்து வண்டிக்கு மேல் சேர்ந்து நிற்கக் கூடாது. ஒலிப்பானை அழுத்துவதும் கூடாது. அந்த ஆசையை யாரேனும் அடக்க முடியாதென்றால் அவர் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

வழியில் கடக்கும் ஒவ்வொரு காவல் மாவட்டத்துக்கும் தனித்தனியே முன்னறிவிப்பு தர வேண்டுமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்ட பிறகே தேதியை முடிவு செய்வோம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காக வாசலருகே மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். சாலை வரியும் காப்புறுதியும் காலாவதியாகாத வண்டிகளை மட்டும் எழுதுங்கள்.